இடது கண்ணாடியில் ஒருவன், வலது கண்ணாடியில் ஒருவன்

கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டுவிட்டு, தெருமுனைவரை ஸ்கூட்டர் வண்டியில் போய், திரும்பி வந்து மூன்றையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் மஹ்ஜூபா நிஜமாக வேலைக்குக் கிளம்புவாள். போவதுபோலப் போய்த் திரும்பி வருவது எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் போயிட்டேன்னு நினைச்சு எவனாவது வந்தா, கையும் களவுமா பிடிக்கலாம்ல?"

எவனும் வந்ததில்லை. வராததே அவளுடைய சந்தேகத்தைக் கூட்டியது.

மராக்கேஷில், சீதி யூசுஃப் பேட்டையில், அவள் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். பயந்த சுபாவம் எனக்கும் உண்டு. வெளியூரிலிருந்து வந்து பிழைக்கிறவளுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் மஹ்ஜூபா பிறந்த ஊரிலேயே வெளியூர்க்காரிபோல இருப்பாள். புதினாக் கட்டைப் பிரித்து, நடுவில் காய்ந்ததைச் செருகியிருக்கிறானா என்று பார்ப்பாள். ரொட்டியை விரலால் தட்டிச் சத்தம் கேட்பாள். கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து, கீழே வைத்து, மறுபடி தூக்கி, "இப்ப லேசாயிடுச்சே" என்பாள்.

அவள் தொழில் அப்படி. கல்யாண வீடுகளில் மணப்பெண்ணை உடுத்தி அலங்கரிக்கிற நக்காஃபா அவள். ஒரே இரவில் பெண்ணுக்கு ஐந்தாறு உடுப்பு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கிரீடம், தனி முத்துச்சரம் பூட்டி, சபைக்கு நடுவே அழைத்துவந்து உட்காரவைக்க வேண்டும். எந்த வீட்டு நகை தங்கம், எந்த வீட்டு நகை முலாம் என்பது பேட்டையிலேயே அவளுக்குத்தான் தெரியும். வெளியே சொல்லமாட்டாள். வாயில் எந்நேரமும் கொண்டை ஊசி இருப்பதால் அது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

பழைய ஊருக்குள் வசிக்கும் லல்லா பதூல் வீட்டில் கல்யாணம் வந்தது. பெண்களை மரியாதையாக லல்லா என்பது இந்த ஊர் வழக்கம். பெண், பதூலின் அண்ணன் மகள் கவ்ஸர். அந்த வீட்டில் ஒரு தங்க ஒட்டியாணம் உண்டு. முழுத் தங்கம், பூப்பூவாகத் தகடு கோத்தது. பதூல் தன் கல்யாணத்தில் கட்டியது. அதன் பூட்டு தளர்ந்திருந்தது. பூட்டைச் சரிபார்த்து, தையல்காரரிடம் கொண்டுபோய், கவ்ஸரின் உடுப்புகளுக்கு அந்த ஒட்டியாணத்தை வைத்தே இடுப்பளவு முடித்துக்கொண்டு வருவது நக்காஃபாவின் பொறுப்பு. இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரு வாரம் அது மஹ்ஜூபாவின் கையில் இருந்தாக வேண்டும்.

பதூல் அதைக் கொடுத்த விதத்தை மஹ்ஜூபா எனக்கு நடித்துக் காட்டினாள். ஒரு முனையை இவள் கையில் வைத்துவிட்டு, மறுமுனையை அவள் விடவேயில்லையாம்.

"வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் பாங்குக்கு முன்னாடி இது என் மடியில இருக்கணும், மஹ்ஜூபா."

"என் கழுத்து மேல ஆணை, லல்லா."

"உன் கழுத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எனக்கு ஒட்டியாணம் வேணும்."

ஒட்டியாணம் தொலைந்தால் பதூல் சும்மா விடமாட்டாள் என்பது ஒருபக்கம். மராக்கேஷில் அதற்குப்பின் எந்தக் கல்யாண வீடும் மஹ்ஜூபாவுக்குக் கதவைத் திறக்காது என்பது மறுபக்கம். பொற்கொல்லன் பூட்டைச் சரிசெய்து முடிக்கும்வரை அவன் எதிரிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் டீ கொடுத்ததற்குக் குடிக்கவில்லை. குடிக்கத் தலையைக் குனிந்தால் கண் அவன் கையைவிட்டு நகருமே.

அந்த வாரத்தில்தான் நான் அவளைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

முதலில் அவள் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சேவல் எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து தத்தளித்தபோதுகூட உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். அப்புறம், குனியமாட்டேன் என்றாள். அடுப்படியின் கீழ்த்தட்டில் இருந்த சட்டியை எடுக்க மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். குஸ்குஸை இரண்டு கரண்டி தின்றுவிட்டுப் போதும் என்றாள்; வழக்கமாகச் சட்டியை வழிக்கிறவள். உட்கார்ந்தால் முதுகை விறைத்துக்கொண்டு, புகைப்படத்துக்கு உட்கார்ந்ததுபோல இருப்பாள்.

"முதுகு வலியா?"

"இல்லை."

"வயிறா?"

"ஒண்ணும் இல்லைன்னேன்ல. உனக்கெதுக்கு என் உடம்பைப் பத்தி?"

ஏதோ பெரிய நோயை மறைக்கிறாள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மாலை வண்டியை நிறுத்திவிட்டு வந்து, மூன்று பூட்டையும் உள்ளிருந்து போட்டுவிட்டுச் சொன்னாள்:

"தங்கச்சி, ஒருத்தன் என் பின்னாடியே வர்றான்."

"யாரு?"

"தெரிஞ்சா பேரைச் சொல்லியிருக்கமாட்டேனா? தையல்காரர் கடைக்குப் போறப்போ பின்னால ஒரு வண்டி இருமிக்கிட்டே வந்துச்சு. திரும்பி வர்றப்போவும் அதே இருமல்."

"திரும்பிப் பாத்திருக்கலாமே."

"முடியாது."

"ஏன்?"

"முடியாதுன்னா முடியாது. கண்ணாடி வாங்கணும்."

அவள் வண்டியில் இருந்தது ஒரே ஒரு கண்ணாடி, அதுவும் அவள் முகத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதில் அவள் கண்மை சரிபார்ப்பாள். இதில் அவளைத் தனியாகக் குறை சொல்ல முடியாது. பழைய ஊரின் சந்துகளில் கைப்பிடி நுழைந்தால் கண்ணாடி நுழையாது. இரண்டு பக்கமும் செருப்பும் விளக்கும் தோல்பையும் தொங்கும். அதனால் சந்துக்குள் திரும்பும்போதே எல்லோரும் கண்ணாடியை உள்பக்கமாக மடக்கிவிடுவார்கள். மடக்குகிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. வெளியே வந்ததும் விரிக்கிற பழக்கம்தான் பலருக்கு இல்லை. இந்த ஊரில் பாதி வண்டிகள் தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டுதான் ஓடுகின்றன.

மறுநாள் காலை பாப் அய்லன் வாசலுக்கு வெளியே, அல்லாலின் உதிரிபாகக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அல்லால் பேச்சில் கெட்டிக்காரன். எந்தப் பொருளையும் "இதைத்தான் என் சொந்தத் தம்பி வண்டியில மாட்டியிருக்கேன்" என்று சொல்லி விற்பான். அவனுக்குத் தம்பியே கிடையாது என்பது மஹ்ஜூபாவுக்குத் தெரியும்.

"லல்லா மஹ்ஜூபா, உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். பாருங்க, நடுவுல லேசா உப்பின கண்ணாடி. ரோடு முழுக்கத் தெரியும். இந்த ஓரத்துல மசூதி, அந்த ஓரத்துல கசாப்புக் கடை."

அவள் கண்ணாடியைக் கையில் வாங்கி, பின்பக்கத்தை நகத்தால் சுரண்டி, தட்டிப் பார்த்தாள். பிறகு தோளுக்கு மேலே தூக்கி அதன் வழியே தெருவைப் பார்த்தாள்.

"அந்தக் கழுதை வண்டி எவ்வளவு தூரத்துல நிக்குது, அல்லால்?"

"இதோ, பத்தடியில."

"இதுல அது ஃபெஸ் நகரத்துல நிக்கிற மாதிரி தெரியுது."

"உப்பின கண்ணாடின்னா அப்படித்தான் லல்லா. இடம் நிறையக் காட்டும், ஆனா கொஞ்சம் தூரமா காட்டும்."

"திருடனைத் தூரமா காட்டுற கண்ணாடியை எனக்கு ஏன் விக்கிற? உனக்கு அவன்கிட்டயிருந்து என்ன வருது?"

அல்லால் வானத்தைப் பார்த்துக் கையை விரித்தான். பிறகு இன்னொரு டப்பாவைத் திறந்தான். இது தட்டைக் கண்ணாடி. கழுதை இருந்த இடத்தில் இருந்த அளவிலேயே தெரிந்தது. ஆனால் கழுதை மட்டுமே தெரிந்தது, வண்டி தெரியவில்லை.

"இது உண்மையைச் சொல்லுது," என்றாள் மஹ்ஜூபா.

"உண்மைதான், ஆனா பாதிதான் சொல்லுது. உப்பினதையே ரெண்டா வாங்குங்க. என் தம்பி..."

"உன் தம்பியை விடு. ரெண்டும் ஒரே டப்பாவுல வாங்கினா ரெண்டுலயும் ஏமாத்துவ. ஒண்ணு இது, ஒண்ணு அது. தட்டையை இடதுல மாட்டு."

"அப்படி யாரும் மாட்டமாட்டாங்க லல்லா. கண்ணு குழம்பும்."

"என் கண்ணைப் பத்தி எனக்குத் தெரியும். கண்ணாடி மாட்டுற தண்டைக் காட்டு."

தண்டு நீளமாக வேண்டும் என்றாள். குட்டைத் தண்டில் மாட்டிப் பார்த்தபோது இரண்டு கண்ணாடியிலும் அவள் போட்டிருந்த நீள அங்கியின், ஜல்லாபாவின், கைதான் தெரிந்தது. காற்றில் உப்பினால் அதுவும் தெரியாது, வெறும் பச்சைத் துணிதான். நீளத் தண்டில் கை விலகித் தோளின் விளிம்பு மட்டும் ஒரு கீற்றாகத் தெரிந்தது. அவ்வளவு தெரியத்தான் வேண்டும் என்றான் அல்லால். தன் தோள் தெரியாத கண்ணாடியில் மற்றவன் எங்கே இருக்கிறான் என்று எதை வைத்துச் சொல்வது? இந்த ஒன்றை மட்டும் அவள் மறுக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடி நடுங்குகிறதா என்று பார்த்தாள். நடுங்கியது. அல்லால் அடியில் ஒரு ரப்பர் வளையத்தைச் செருகினான். நடுக்கம் அடங்கியது. ரப்பருக்குத் தனிக் காசா என்று கேட்டாள்.

அதன்பின் சோதனை. அவள் இருக்கையில் விறைப்பாக உட்கார்ந்துகொண்டு, என்னை வண்டிக்குப் பின்னால் நடக்கச் சொன்னாள்.

"நட. இன்னும். இன்னும் இடது பக்கமா வா. தெரியுற, தெரியுற... எங்க போன?"

"இங்கதான் இருக்கேன்."

நான் அவளுடைய இடது முழங்கைக்குச் சற்றுப் பின்னால், கை நீட்டினால் அவள் பையைத் தொடுகிற இடத்தில் நின்றிருந்தேன். கண்ணாடியில் நான் இல்லை.

"அல்லால்! இவளை எங்க ஒளிச்சு வெச்ச?"

"நான் என்ன பண்ணுவேன் லல்லா? எந்தக் கண்ணாடியிலயும் அந்த இடம் விழாது. அதுக்குக் கழுத்தைத் திருப்பணும். கொஞ்சம் இடுப்போட திரும்பினா போதும்."

"இடுப்பைத் திருப்ப முடியாது."

"ஏன் லல்லா, அவ்வளவு வயசா ஆயிடுச்சு?"

அவள் பார்த்த பார்வையில் அல்லால் மீதிச் சில்லறையைக் கேட்காமலே கொடுத்தான்.

கண்ணாடி மாட்டிய அன்றே விஷயம் மோசமானது. மாலையில் என் கதவைத் தட்டி உள்ளே வந்து, சன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

"ஒருத்தன் இல்லை. ரெண்டு பேர்."

"ரெண்டு பேரா?"

"இடது கண்ணாடியில ஒருத்தன், ரொம்பக் கிட்ட. வலது கண்ணாடியில இன்னொருத்தன், நல்லா தூரத்துல. ரெண்டு பேரும் சிவப்பு ஹெல்மெட். கிட்ட இருக்கிறவன் பையைப் பறிப்பான், தூரத்துல இருக்கிறவன் வாங்கிட்டு ஓடுவான். பாத்தியா, எப்படித் திட்டம் போட்டிருக்காங்க?"

போலீஸிடம் சொல்லலாமே என்றேன். "சொன்னா ஒட்டியாணம் என்கிட்ட இருக்குன்னு போலீஸுக்கும் தெரியும்" என்றாள். அந்த இரவு நானும் சரியாகத் தூங்கவில்லை.

புதன்கிழமை அவள் பின்னால் என்னை உட்காரவைத்துக்கொண்டு போனாள், நேரில் பார்த்துச் சொல்வதற்காக. ஏறும்போதே கட்டளை:

"இடுப்பைத் தொடாத. பின்னால கம்பி இருக்கு, அதைப் பிடி. கொஞ்சம் சாஞ்சு உக்காரு, நீ மறைக்கிற."

ரோஜாத் தோட்டத்தைத் தாண்டியதும், "இப்ப! இப்பப் பாரு!" என்று கத்தினாள். திரும்பினேன். சிவப்பு ஹெல்மெட் போட்ட ஒல்லிப் பையன் ஒருவன், இருமுகிற வண்டியில் வந்துகொண்டிருந்தான். நான் பார்ப்பதைக் கண்டு, கடைப் பலகையைப் படிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இருக்கான். ஆனா ஒருத்தன்தான்."

"தூரத்துல இருக்கிறவன்?"

"யாரும் இல்லை."

"நீ திரும்பறதைப் பாத்து ஒளிஞ்சிருப்பான். எமகாதகன்."

வண்டியின் கண்ணாடியை நானும் எட்டிப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அவளுடைய முகவாய்தான் தெரிந்தது. ஒருத்தனைப் பார்த்ததே எனக்குப் போதுமாக இருந்ததால், இரண்டாமவனைப் பற்றி அவளோடு வாதாடவில்லை. அது என் தவறு என்று பிறகு பட்டது; ஆனால் வாதாடியிருந்தாலும் அவள் கேட்டிருக்கமாட்டாள்.

வியாழக்கிழமை நடந்ததை, மஹ்ஜூபா சொன்னதையும் அந்தப் பையன் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒருவர் சொன்னதை மற்றவர் இன்றுவரை நம்பவில்லை என்பதால், இரண்டிலும் ஒத்துப்போகிறதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் கிளம்பினாள். உடுப்புகள் முதல்நாளே போய்ச் சேர்ந்துவிட்டன. ஒட்டியாணம் மட்டும்தான் பாக்கி. தோளில் குறுக்காக மாட்டிய பையைக் கால்களுக்கு நடுவே அழுத்திப் பிடித்திருந்தாள். தெரு திரும்பியதும் இடது கண்ணாடியில் சிவப்பு ஹெல்மெட். வலது கண்ணாடியில் சிவப்பு ஹெல்மெட். இவள் வேகம் கூட்டினால் இருவரும் கூட்டினார்கள். இவள் ரொட்டிக் கடையில் நின்றால் இருவரும் நின்றார்கள்.

உதறிவிட ஒரே வழிதான் அவளுக்குத் தோன்றியது. நேர் வழியை விட்டு, பழைய ஊரின் சந்துகளுக்குள் வண்டியை விட்டாள். பழக்கப்படி இரண்டு கண்ணாடியும் உள்ளே மடங்கின. சாயம் தோய்த்த நூல் தொங்கும் சந்து, அதைவிட ஒடுங்கிய ஒன்று, ஒரு வளைவு, கோழிக்காரர் சந்து. நான்கைந்து திருப்பத்துக்குப்பின் யூதர் பேட்டைப் பக்கம், டாக்ஸிகள் ஓடும் அகல ரோட்டுக்கு வெளியே வந்தாள். இடது பக்கம் திரும்ப வேண்டும். பின்னால் ஹாரன் அலறியது. ஒரே ஹாரன், விடாமல், பைத்தியம் பிடித்ததுபோல.

அவனேதான் என்று தெரிந்தது. நிறுத்தவைக்கப் பார்க்கிறான். நிறுத்துவேனா? முறுக்கித் திருப்பினாள்.

கண்ணாடி மடங்கியே இருந்தது. இடது பின்பக்கம், நான் அன்று மறைந்துபோன அதே இடத்தில், ஒரு டாக்ஸி வந்துகொண்டிருந்தது. அந்த ஹாரன் அதற்குத்தான். டிரைவர் பிரேக்கை மிதித்து வலதுபக்கம் ஒடித்தான். இவளுடைய ஜல்லாபாவின் தலைக்குல்லாயைக் காற்று இழுத்தது. அவ்வளவுதான், இவள் தப்பிவிட்டாள். டாக்ஸி ஒடித்த பக்கத்தில்தான் அந்தப் பையன் இருந்தான். அவன் விலகப் போய், ஓரமாக நின்ற புதினா வண்டிக்குள் அப்படியே நுழைந்தான்.

சத்தம் கேட்டு மஹ்ஜூபா கண்ணாடியைப் பார்த்தாள். தன் முகம்தான் தெரிந்தது. இரண்டிலும் தன் முகம்.

அப்போதுதான் மடக்கியது நினைவுக்கு வந்தது. வண்டியை நிறுத்தாமல் இடது கண்ணாடியைத் தள்ளி விரித்தாள். கிட்டத்தில் ஒருவன், புதினாக் குவியலுக்கு அடியில், ஹெல்மெட்டின் மேல் ஒரு பச்சைக் கட்டோடு எழப் பார்த்துக்கொண்டிருந்தான். விழுந்ததுபோல நடிக்கிற கூட்டம் இந்த ஊரில் உண்டு. இரங்கி நின்றவளின் பை போய்விடும். நான் ஏன் நிற்கணும் என்று, தூரத்துக்காரன் என்ன செய்கிறான் பார்க்க வலது கண்ணாடியை விரித்தாள். தூரத்துக்காரனும் புதினாவுக்கு அடியில் கிடந்தான். அவன் ஹெல்மெட்டிலும் ஒரு பச்சைக் கட்டு. இடதுக்காரன் கையை ஊன்றினான், வலதுக்காரனும் ஊன்றினான். இடதுக்காரன் வழுக்கி மறுபடி விழுந்தான். வலதுக்காரனும் விழுந்தான்.

"அப்பத்தான், தங்கச்சி," என்றாள் என்னிடம், "அந்த அல்லாலைக் கொல்லணும்னு தோணுச்சு."

ஒருவன்தான். தட்டைக் கண்ணாடியில் கிட்ட, உப்பின கண்ணாடியில் தூர.

அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். இரக்கத்தால் இல்லை என்கிறாள். முகத்தை அடையாளம் பார்த்துவைக்கத்தானாம். பையன் முழங்கை சிராய்ந்து ரத்தம் கசிய உட்கார்ந்திருந்தான். புதினாக்காரன் ஒருபக்கம் கத்த, டாக்ஸிக்காரன் ஒருபக்கம் கத்த, கூட்டம் கூடிவிட்டது. இவளைக் கண்டதும் பையன் கேட்ட முதல் கேள்வி:

"பை? பை எங்க, லல்லா?"

"பாத்தீங்களா! பாத்தீங்களா எல்லாரும்! விழுந்து கிடந்தும் பையைத்தான் கேக்குறான்!"

"ஐயோ, நான் திருடன் இல்லை லல்லா. என் பேரு ஸுஹைர். லல்லா பதூல் என் அத்தை. அவங்கதான் வியாழக்கிழமை வரைக்கும் உங்க பின்னாடியே போகச் சொன்னாங்க."

"எதுக்கு?"

ஸுஹைர் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து, மெதுவாகச் சொன்னான். "நீங்க மாத்திடுவீங்களோன்னு."

அவள் வாழ்நாள் முழுக்க ஊரைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். ஊர் திரும்பித் தன்னைச் சந்தேகப்படும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அதை அவளால் தாங்க முடியவில்லை. பையைக் கழற்றி அவன் மடியில் எறிந்தாள்.

"தேடு. நல்லா தேடு."

அவன் திறந்தான். உள்ளே குளியல் துண்டு. அதற்கடியில் இன்னொரு குளியல் துண்டு. இரண்டையும் உதறிப் பார்த்தான்.

"ஒட்டியாணம் இல்லையே! லல்லா, ஒட்டியாணம் எங்க?"

கூட்டம் முழுவதும் அவளைப் பார்த்தது. நடுரோட்டில் அவளால் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் ஒட்டியாணம் அவள் இடுப்பில் இருந்தது. பொற்கொல்லன் கடையிலிருந்து வெளிவந்த நாள்முதல், தையல்காரரிடம் அளவுக்குக் கழற்றிய நேரம் தவிர, ராப்பகலாக ஜல்லாபாவுக்கு உள்ளே அங்கேதான் இருந்தது. பையை எவனும் பறிக்கலாம். தன்னை எவன் பறிப்பான் என்பது அவள் கணக்கு. கவ்ஸர் கொடிபோல இருப்பாள், மஹ்ஜூபா அப்படியில்லை. மூச்சைப் பிடித்தால்தான் பூட்டு விழும். அதனால்தான் குனியவில்லை, தின்னவில்லை, சிரிக்கவில்லை, திரும்பவில்லை. ஆனால் மணப்பெண் கட்டுமுன்பே அவள் நகையை இன்னொருத்தி பூட்டிக்கொண்டாள் என்று தெரிந்தால் பதூல் என்ன செய்வாள்?

"வாயை மூடிக்கிட்டு பின்னால ஏறு," என்றாள். "உன் அத்தைகிட்டயே போகலாம்."

"என் வண்டி?"

"புதினா பாத்துக்கும்."

போகிற வழியெல்லாம் இரண்டு கண்ணாடியிலும் அவன் முகம் தெரிந்தது. கிட்ட ஒன்று, தூர ஒன்று, இரண்டும் அவளை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் இடுப்பைத் தொட்டுவிடாமல் பின்கம்பியைப் பிடிக்கும்படி நான்கு தரம் சொல்லவேண்டியிருந்தது.

பதூல் முற்றத்து எலுமிச்சை மரத்தடியில் காத்திருந்தாள். அண்ணன் மகனின் முழங்கையைப் பார்க்கவில்லை, மஹ்ஜூபாவின் கையைத்தான் பார்த்தாள். வெறுங்கை.

"கொஞ்சம் உள்ளே போய் வர்றேன், லல்லா."

"எதுக்கு உள்ளே?"

"வந்து சொல்றேன்."

பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே ஸுஹைர், "அத்தை, பையில துண்டுதான் இருந்துச்சு, ரெண்டு துண்டு" என்று சொல்வது அவளுக்குக் கேட்டது. பூட்டைத் திறந்ததும் ஒரு வாரத்துக்குப்பின் முழு மூச்சு உள்ளே போனது. தலை சுற்றியது என்றாள். வெளியே வந்து ஒட்டியாணத்தைப் பதூலின் மடியில் வைத்தாள்.

பதூல் பூட்டைத் திறந்து மூடினாள். தகடு தகடாக விரலால் தடவினாள். விரல் நின்றது.

"இது ஏன் சூடா இருக்கு?"

"வெயில்ல வந்துச்சு, லல்லா."

"பெட்டியில இருந்து எடுத்தா இது எப்பவும் சில்லுன்னு இருக்கும். வெயில் மேலே படும், உள்பக்கம் ஏன் சூடா இருக்கு? இது என்னோடதுதானா? எங்கயாவது உருக்கி ஊத்தினதா?"

அஸர் பாங்கு அப்போதுதான் சொன்னார்கள். சொன்ன நேரத்துக்குக் கொடுத்தாயிற்று. ஆனாலும் மாற்றிவிட்டாள் என்ற பேச்சு இந்த முற்றத்திலிருந்து கிளம்பினால், சூரியன் விழுவதற்குள் ஊர் முழுக்கப் போய்விடும். மஹ்ஜூபா ஸுஹைரைப் பார்த்து, "நீ வெளியே போ" என்றாள். அவன் போனதும் ஜல்லாபாவின் பொத்தானைக் கழற்றி, உள்சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

இடுப்பைச் சுற்றி, சிவப்பாக, பூப்பூவாகத் தழும்பு. ஒவ்வொரு தகடும் தன் இதழ்களோடு பதிந்திருந்தது.

"நான்தான் கட்டியிருந்தேன். தூங்கறப்போவும் கழட்டலை. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. மாத்திட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க."

பதூல் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுந்து வந்தாள். ஒட்டியாணத்தை மஹ்ஜூபாவின் இடுப்பில் தழும்பின் மேலேயே வைத்து, ஒவ்வொரு பூவாகப் பொருத்திப் பார்த்துக்கொண்டு சுற்றிவந்தாள். முதுகுப்பக்கம் ஒரு பூவில் ஓர் இதழ் நசுங்கியிருக்கும். பதூலின் கல்யாணத்தன்று கதவிடுக்கில் மாட்டியது, வீட்டாருக்கு மட்டும் தெரிந்தது. தழும்பிலும் அந்த இதழ் நசுங்கியே இருந்தது.

"சட்டையைப் போட்டுக்கோ," என்றாள் கடைசியில். "எந்தத் தராசுலயும் இவ்வளவு துல்லியமா நிறுத்துப் பாத்திருக்கமாட்டேன்." கதவருகே போய் நின்று, திரும்பாமலே சொன்னாள். "கவ்ஸருக்குத் தெரியவேண்டாம். கல்யாணத்தன்னைக்கு நீதான் கட்டிவிடணும். ஆனா எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரலை."

"என்ன லல்லா?"

"நீ எப்படி அதுக்குள்ள நுழைஞ்ச?"

மஹ்ஜூபா சிரித்தாள். ஒரு வாரச் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வாசலில் நின்ற ஸுஹைர், யாரோ அழுகிறார்கள் என்று நினைத்து உள்ளே ஓடிவந்தான்.

வெளியே வந்து அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கண்ணாடியிலும் வானம் மட்டும் தெரிந்தது. எவனோ கண்ணாடியைத் தொட்டிருக்கிறான் என்று ஸுஹைரை முறைத்தாள். அவன் கையை உயர்த்திக் காட்டினான். பிறகுதான் புரிந்தது: அது ஒட்டியாணத்தோடு விறைப்பாக உட்கார்ந்து அமைத்த கண்ணாடி; இப்போது இடுப்பு தளர்ந்து, தலை ஒரு பிடி கீழே இறங்கியிருந்தது. இடதைத் தோளின் கீற்று தெரியுமளவுக்குச் சாய்த்தாள். வலதையும் சாய்த்தாள். கிட்ட ஒரு ஸுஹைர், தூர ஒரு ஸுஹைர்.

"இன்னும் எதுக்குடா பின்னால நிக்கிற?"

"என் வண்டி புதினா வண்டிக்குள்ள இருக்கு, லல்லா. கொஞ்சம் கொண்டுபோய் விடுங்களேன்."

அவள் இரண்டு கண்ணாடியையும் பார்த்தாள். பிறகு இடுப்போடு நன்றாகத் திரும்பி, இடது முழங்கைக்குப் பின்னால் இருந்த வெறும் தரையைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"ஏறு," என்றாள். "நாளைக்கு ரெண்டு பேருமா அல்லால் கடைக்குப் போறோம். எனக்கு ரெண்டும் ஒரே கண்ணாடியா வேணும். அவன் தம்பியையும் கூட்டிட்டு வரச் சொல்லணும்."